சிறுமலைக் குதிரைப் பாதையில் இரண்டு சைக்கிள்கள்

சுவிட்சர்லாந்தில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வருகிறவள் மாமியாருக்கு ஒரு கைக்கடிகாரமாவது வாங்கி வந்திருக்க வேண்டும். நான் சைக்கிள் வாங்கி வந்தேன். அதுவும் பழைய சைக்கிள். சக்கரங்களையும் கைப்பிடியையும் கழற்றி அட்டைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து, திருநகர் வீட்டு வாசலில் வைத்துப் பிரித்தபோது எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "ஏம்மா ஹேமா, நம்ம ஊர்ல சைக்கிளா இல்ல?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

நான் ஒரு சாயத் தொழிற்சாலையில் நிறம் பொருத்தும் பிரிவில் வேலை பார்த்தேன். கேட்ட நிறத்தைத் துணியில் அப்படியே கொண்டுவர வேண்டும். அதில் பயிற்சி பெறத்தான் அனுப்பினார்கள். அங்கே ஆய்வுக்கூடத்தில் கூட இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் தடித்த டயர் போட்ட சைக்கிள்களோடு மலைக்குப் போய்விடுவார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள். முதல் ஞாயிறு பாதி மலையை உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன். நாலாவது மாதம், வேரும் கல்லுமாகக் கிடந்த ஒரு ஒற்றையடிப் பாதையில் விழாமல் அரை மைல் இறங்கி, கீழே வந்ததும் காரணமே தெரியாமல் அழுதேன்.

ஊர் திரும்பி எட்டு மாதம் கழித்து அங்கிருந்து கடிதம் வந்தது. இரண்டு வருடம் வந்து வேலை பார்க்க முடியுமா, தை மாதம் முடிவதற்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். என் கணவர் குபேந்திரன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"அந்த ஊர்ல அப்படி என்ன பாத்தே?" என்று மட்டும் கேட்டார்.

பனி என்றேன். மலை என்றேன். அமைதி என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய்யாகப் பட்டது. "சைக்கிள்ல ஒரு மலையிலேர்ந்து இறங்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்று எரிச்சலில் சொல்லிவிட்டேன்.

"சரி, இறங்குவோம்" என்றார்.

நாங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம். எங்களுக்குள் பேசிக்கொண்டதையெல்லாம் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்.

மலையைக் காட்டியவர் தவமணி அண்ணன். எங்கள் தொழிற்சாலையில் கொதிகலன் பார்ப்பவர். வாடிப்பட்டிப் பக்கத்துச் சம்சாரி, அதாவது விவசாயி. காலையில் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு பஸ் ஏறி வேலைக்கு வருவார். "சிறுமலையிலேருந்து எலுமிச்சம்பழம், வாழைத்தாரெல்லாம் எங்க ஊருப் பக்கம் குதிரையிலதாம்மா இறங்கும். குதிரை இறங்குற பாதையில சைக்கிள் இறங்காதா?" என்றார். பொங்கல் லீவில் போவதென்று முடிவானது. குபேந்திரனுக்கு ஒரு பழைய கியர் சைக்கிள் கிடைத்தது. எடை அதிகம், ஆனால் பிரேக் நன்றாகப் பிடித்தது.

முதல் நாள் திருநகரிலிருந்து வாடிப்பட்டிவரை மிதித்தே போனோம். உடம்பு எப்படி ஒத்துழைக்கிறது என்று பார்க்கத்தான். வைகையைத் தாண்டியதும் சோழவந்தான் கொடிக்கால்களின் வெற்றிலை வாசனை ரோட்டுக்கே வந்தது. அதை முழுதாக முகர்வதற்குள் என் பின் டயரில் கருவேல முள் ஏறிவிட்டது. சுவிட்சர்லாந்து மலையில் ஐந்து மாதம் ஓடிய டயர், சோழவந்தானில் அரை மணி நேரம் தாங்கவில்லை.

பஞ்சர் கடைக்காரர் முள்ளைப் பிடுங்கி ஒட்டுப் போட்டுவிட்டு, காற்றடிக்கும் வால்வைப் பார்த்துத் திகைத்து நின்றார். "என்னக்கா இது, மூக்கு ஊசி கணக்கா இருக்கு? நம்ம பம்பு இதுல நிக்காதே." பையிலிருந்து ஒரு சாண் நீளக் கைப்பம்பை எடுத்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் அடித்துப் பார்த்தார்கள். யாரையும் முழுதாக அடிக்கவிடாமல் அடுத்தவர் பிடுங்கிக்கொண்டதால் டயர் நிறைய வெகுநேரம் ஆனது.

வாடிப்பட்டியில் பார்த்தவர்களெல்லாம், "அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கா போறீங்க?" என்று கேட்டார்கள். மலையிலிருந்து சைக்கிளில் இறங்கப் போகிறோம் என்றால், "அப்ப ஜல்லிக்கட்டுக்குப் போகலையா?" என்றார்கள்.

தவமணி அண்ணன் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார்கள். அவர் மனைவி பாண்டியம்மா பரிமாறிக்கொண்டே வெளிநாட்டுச் சாப்பாட்டை விசாரித்தார். "ரொட்டி, பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு" என்றேன்.

"மூணு வேளையுமா?"

"மூணு வேளையும்தான்."

"ஆத்தாடி! அதான் இம்புட்டு எளைச்சுப் போயிட்டீங்க" என்று இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார். அங்கே போய் நான் நாலு கிலோ ஏறியிருந்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே அண்ணன் எங்களை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் மலையைக் காட்டினார். வடக்கே வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. "அந்தா, பாறைக்கு இடதுபக்கம் வெள்ளையா ஒரு கோடு தெரியுதா? அதான் பாதை." குபேந்திரன் வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாய்வைக் கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரியும். விடையைச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பஸ். சைக்கிள்களை மேலே ஏற்றிக் கட்டி, திண்டுக்கல் போய், அங்கிருந்து மலைப் பஸ் பிடித்தோம். கொண்டைஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் கூரையில் கட்டிய என் சைக்கிள் தகரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு இடிக்கும் நான் முகத்தைச் சுளித்தேன்போல. பக்கத்தில் கோழிக்கூடையோடு இருந்த அம்மாள், "மேல யாரும் ஒறவுக்காரவுகளை ஏத்தியிருக்கீகளா?" என்று கேட்டார்.

மேலே வேறொரு தேசம். காப்பிச் செடிகள், மரங்களில் சுற்றிய மிளகுக் கொடி, எங்கு பார்த்தாலும் வாழை. ஒரு டீக்கடையில் மலைப்பழம் தின்றோம். விரல் நீளம்தான் இருக்கும். தோல் கறுத்துச் சுருங்கிய பிறகுதான் ருசி என்று கடைக்காரர் கறுத்த பழமாகப் பொறுக்கிக் கொடுத்தார். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

"குதிரைப் பாதையில இதை உருட்டிக்கிட்டுப் போகப் போறாகளாம்."

"உருட்டிக்கிட்டு இல்ல மாப்ள, ஏறி ஒக்காந்து."

"குதிரையே அதுல அழுதுக்கிட்டுத்தானே இறங்குது!"

அன்று சாயங்காலம் ஊர்ப் பொட்டலில் குபேந்திரனுக்குப் பாடம் எடுத்தேன். இருக்கையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். உடம்பைப் பின்னால் தள்ள வேண்டும். முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தால் பின்சக்கரம் தூக்கி எறிந்துவிடும். எந்தக் கல்லைப் பார்க்கிறோமோ அந்தக் கல்லில்தான் சக்கரம் போகும், அதனால் கல்லைப் பார்க்காமல் போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். வாத்தியார்கள் நல்ல மாணவர்களாக இருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இவர் சொன்னதைச் சொன்னபடி செய்தார், புரியாததைத் திரும்பக் கேட்டார்.

தங்கிய அறைக்கு நடந்தபோது, "பதில் எழுதிட்டியா?" என்றார்.

"இல்ல."

"ஏன்?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"நான் சொல்ல என்ன இருக்கு? கடிதம் ஒனக்குத்தானே வந்திருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஏழு வருடமாக இதேதான். பச்சைப் புடவையைக் காட்டினாலும் நல்லாயிருக்கு, நீலத்தைக் காட்டினாலும் நல்லாயிருக்கு. நான் வேலையில் சேர்கிறேன் என்றபோதும் சரி, வெளிநாடு போகிறேன் என்றபோதும் சரி. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நான் போனாலும் இருந்தாலும் இவருக்கு ஒன்றுதானோ என்று அந்தக் குளிரில் நடந்துகொண்டே நினைத்தேன்.

மூன்றாம் நாள் வெயில் ஏறுவதற்குமுன் கிளம்பினோம். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே முதல் ஒரு மைல் மெத்தென்ற செம்மண். குபேந்திரன் என்னை முந்திக்கூடப் போனார். பிறகு தோட்டங்கள் முடிந்தன. மரங்கள் விலகின. திடீரென்று கீழே சமவெளி கிடந்தது.

அவ்வளவு கண்மாய்கள் எங்கள் பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியாது. எல்லாம் தண்ணீரோடு மின்னின. நடுவே ஓடிய ஒரு கால்வாய்க்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் பழுப்பு. தண்டவாளத்தில் ஒரு ரயில் சத்தமே இல்லாமல் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தது. தூரத்துப் புகையில் கோபுரம் தெரிகிறது என்றேன் நான். அவர் மதுரைக்குப் பக்கத்து ஆனைமலை மட்டும்தான் தெரிகிறது என்றார். சுவிட்சர்லாந்தில் மலைமேல் நின்று கீழே பார்த்தபோதெல்லாம் அழகாக இருந்தது. ஆனால் எதன் பெயரும் எனக்குத் தெரியாது. இங்கே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல முடிந்தது. கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரித்து, பெயர் சொல்லிக்கொண்டே சாப்பிட்டு முடித்தோம்.

பாதை அங்கிருந்துதான் ஆரம்பம். எப்போதோ பதித்த கற்கள், குளம்பு பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருந்தன. இரண்டு கல்லுக்கு நடுவே சரளை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முட்புதர், அதற்கப்பால் ஒன்றுமில்லை. நான் ஓட்டினேன், நின்றேன், அவர் வரும்வரை காத்திருந்தேன். அவர் நல்ல இடங்களில் ஏறி ஓட்டினார், மோசமான இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். அவசரப்படவே இல்லை. இப்படியே அரை மணி நேரம் போனது.

வழுக்குப்பாறை என்று தவமணி அண்ணன் எச்சரித்திருந்த இடம் வந்தது. வீட்டுக் கூரை அகலத்தில் ஒரே பாறை, பாதைக்குக் குறுக்கே சரிந்து கிடந்தது. குதிரைகள் கால் வைக்க வெட்டிய பள்ளங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. அதன் முடிவில் பாதை சட்டென்று இடதுபக்கம் திரும்பியது.

"நான் தள்ளிக்கிட்டே வாரேன்" என்றார். "நீ?"

வெகுநேரம் பார்த்தேன். பிறகு ஏறினேன்.

எப்படி இறங்கினேன் என்று விவரமாகச் சொல்லத் தெரியவில்லை. பாறையில் டயர் பிடித்தது. உடம்பு முழுக்கப் பின்னால் போனது. திருப்பத்தில் சைக்கிள் தானாகச் சாய்ந்தது, நானும் கூடச் சாய்ந்தேன். நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கவில்லை. பாதை கீழே வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது, நானும் போய்க்கொண்டே இருந்தேன். கல், திருப்பம், காற்று, அடுத்த திருப்பம். கடிதம் இல்லை, கோபம் இல்லை. ஒரு ஓடைப் பள்ளத்தில் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் பிரேக் பிடித்தேன்.

உட்கார்ந்து முகம் கழுவினேன். ஒரு பழம் தின்றேன். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன். அப்போதுதான் அவர் நினைவே வந்தது. பத்து நிமிடமாவது இருக்கும், அப்படி ஒருவர் பின்னால் வருகிறார் என்பதே என் மனதில் இல்லை. இதை எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. சைக்கிளை ஓடையிலேயே போட்டுவிட்டு மேலே ஓடினேன்.

பாறைக்குக் கீழே திருப்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வலது கையால் இடது கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். முகம் சாம்பல் நிறம். நிறம் பார்ப்பதுதான் என் தொழில். அந்த நிறத்தை நான் மறக்கவில்லை. சைக்கிள் பத்தடி தள்ளி முட்புதரில் கிடந்தது, முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது.

"ஓட்டிப் பாத்தேன்" என்றார்.

எழுப்பி நடக்க வைக்கப் பார்த்தேன். நாலு அடியில் கண் சொருகிச் சரிந்தார். மடியில் படுக்கவைத்துத் தண்ணீர் தெளித்தேன். கண் திறந்தார். அப்போது எங்களிடம் போன் இல்லை. கீழே ஓடினால் இவர் தனியாகக் கிடக்க வேண்டும். ஓடாவிட்டால் யாருக்கும் தெரியாது. தலையில் அடிபட்டிருக்குமோ, உள்ளே ஏதாவது ஆகியிருக்குமோ. கும்பிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, சும்மா அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அப்போது மேலே மணிச் சத்தம் கேட்டது. "ஹேய், ஒதுங்குங்க, குதிரை வருது!" என்று ஒரு பெண் குரல்.

இரண்டு குதிரைகளோடு வந்த அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் பேச்சியம்மா என்று பிறகுதான் தெரிந்தது. தலையில் துண்டு கட்டியிருந்தார். ஒன்றும் கேட்காமல் குனிந்து, அவர் தோளில் விரலை ஓட்டிப் பார்த்தார். குபேந்திரன் கத்தினார்.

"காறை எலும்பு போயிருச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் இதே எலும்புதான். குதிரை தள்ளிவிட்டுருச்சு. மனுசன் இன்னிக்கும் நல்லாத்தான் திங்குறாரு, தூங்குறாரு. பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தலைத்துண்டை அவிழ்த்து, கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். பிறகு ஒரு குதிரையின் முதுகிலிருந்து எலுமிச்சை மூட்டைகளை இறக்கிப் பாறை ஓரத்தில் வைத்தார்.

"மூட்டை இங்கயே இருக்கட்டுமா? யாராவது எடுத்துட்டா?" என்று அந்த நிலையிலும் கேட்டேன்.

"யாரு எடுக்கப் போறா? கொரங்கு எலுமிச்சம்பழம் திங்காது."

இருவரும் சேர்ந்து அவரைக் குதிரையில் ஏற்றினோம். வளைந்த சைக்கிளை மற்றக் குதிரையின் வாழைத்தார்களுக்கு மேலே கட்டினார். என் சைக்கிள் கீழே ஓடையில் கிடக்கிறது என்றேன். எல்லாம் முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க கூட வந்து என்ன செய்யப் போறீங்க? அடிவாரத்துல ஒரு வண்டி நிக்காது. ஒங்க சைக்கிள்ல முன்னாடி போயி ஒண்ணை ஏற்பாடு பண்ணுங்க. நாங்க வர எம்புட்டு நேரமானாலும் ஒண்ணரை மணி நேரந்தான்."

இரண்டாவது தடவை அவரை விட்டுவிட்டுப் போவதா என்று நின்றேன். "அவங்க இருக்காங்க. நீ போ" என்றார் குதிரை மேலிருந்து.

ஓடைக்குக் கீழே பாதை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் மேலே கண்ணை மூடிக்கொண்டு இறங்கியிருக்கக்கூடிய இடங்களில்கூட இறங்கித் தள்ளினேன். ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லாத சரளையில் சறுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். கல்லைப் பார்க்காதே என்று பாடம் நடத்தியவள் ஒவ்வொரு கல்லையும் பார்த்துக்கொண்டே போனேன்.

அடிவாரத்திலிருந்து தவமணி அண்ணன் ஊர் மூன்று மைல். என்னைப் பார்த்ததும் அவர் விவரம் கேட்கக்கூட இல்லை. எதிர்வீட்டில் அப்போதுதான் ஜல்லிக்கட்டுக் காளையோடு ஒரு சின்ன லாரி வந்து நின்றிருந்தது. "மாப்ள, காளையை இறக்கு! சாருக்கு அடிபட்டிருச்சு" என்று கத்தினார். காளை இறங்க மறுத்தது. மூன்று பேர் இழுத்து இறக்கி, புது வைக்கோல் பரப்பி, பாண்டியம்மா ஒரு தலையணையும் தூக்கிப் போட்டார்.

நாங்கள் அடிவாரம் சேர்ந்து சிறிது நேரத்தில் தென்னந்தோப்புக்குள்ளிருந்து குதிரைகள் வந்தன. குபேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்துக்குக் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. பேச்சியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மூட்டை கிடக்கு, போறேன்" என்று வாழைத்தார்களை இறக்கிப் போட்டுவிட்டு, வந்த வழியே ஏறிவிட்டார்.

மதுரை ஆஸ்பத்திரியில் சட்டையெல்லாம் வைக்கோலும் சாண வாசனையுமாக அவரை இறக்கினோம். பொங்கல் சமயம் வேறு. நர்ஸ் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாடு எந்தப் பக்கம் முட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

"மாடு இல்ல சிஸ்டர். சைக்கிள்" என்றார் அவர்.

"சைக்கிள் முட்டிருச்சா?"

தவமணி அண்ணன் நர்ஸைத் தனியாகக் கூட்டிப்போய் விளக்கினார்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். பேச்சியம்மா சொன்ன அதே எலும்புதான். தலையிலோ உள்ளேயோ ஒன்றுமில்லை. கட்டுப் போட்டு ஆறு வாரம் அசையாமல் வைத்திருந்தால் போதும் என்றார் டாக்டர்.

அந்த வேலைக்குப் போனேனா என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டுப் பிரித்த பிறகுதான் கிளம்ப முடியும், இரண்டு வருடம் முடியாது, ஒரு வருடம் என்றால் வருகிறேன் என்று எழுதினேன். ஒத்துக்கொண்டார்கள். போனேன், திரும்பி வந்தேன். சித்திரை லீவில் அவர் அங்கே வந்து ஒரு மாதம் இருந்தார்; மூணு வேளையும் உருளைக்கிழங்கு தின்று நொந்து போனார்.

ஆனால் அன்று மத்தியானம் எதுவும் முடிவாகியிருக்கவில்லை. கட்டுப் போடுவதற்காக ஒரு சின்ன அறையில் காத்திருந்தோம். தவமணி அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். ஊசி போட்டிருந்ததால் அவருக்கு வலி அடங்கியிருந்தது. காலையிலிருந்து கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"தள்ளிக்கிட்டு வாரேன்னுதானே சொன்னீங்க. ஏன் ஏறுனீங்க?"

"நீ இறங்குனதைப் பாத்தேன். எனக்கும் அது வேணும்போல இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தார். "பாதிப் பாறை வரைக்கும் நல்லாத்தான் வந்தேன். நெசமாவே நல்லா இருந்துச்சு ஹேமா."

"விழுந்ததும் கூப்பிட்டிருக்கலாமே. நான் கொஞ்சந்தானே கீழ போயிருப்பேன்?"

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் விழுந்த எடத்துலேர்ந்து கீழ மூணு வளைவு தெரிஞ்சுது. முதல் வளைவுல நீ போய்க்கிட்டிருந்தே. வாயைத் தொறந்தேன், கூப்பிடத்தான். அதுக்குள்ள ரெண்டாவதுக்கு வந்துட்டே. மூணாவதுல என்னமோ சத்தமாக் கத்துனே. என்ன கத்துனே?"

நான் கத்தினேன் என்பதே எனக்குத் தெரியாது. "தெரியல" என்றேன்.

"அப்புறம் மரத்துக்குள்ள போயிட்டே. அது வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"வலியில துடிச்சுக்கிட்டு, அதையா பாத்துக்கிட்டிருந்தீங்க? ஒரு தடவை கூப்பிட்டா என்ன?"

"கூப்பிட்டிருந்தா நின்னிருப்பே" என்றார்.

நர்ஸ் கட்டுத் துணியோடு உள்ளே வந்து சட்டையைக் கழற்றச் சொன்னார். ஒரு கையால் அவரால் முடியவில்லை. நான் எழுந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.